முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறையின் டிவி

எங்கள் வீட்டு டிவியின் முதுகில் 312 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அம்மா பத்தொன்பது வருடம் அறை சுத்தம் செய்த ஹோட்டலின் மூன்றாவது மாடி, லிஃப்டிலிருந்து ஆறாவது கதவு. அந்த ஹோட்டலை மூடியபோது, ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் மெத்தை, குட்டி ஃபிரிட்ஜ், மேசை விளக்கு என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா நேராக 312க்குப் போய் டிவியைக் கழற்றச் சொன்னார். பதினோரு வருடமாக அதைத் துடைத்திருக்கிறார். ஒரு நாளும் அதன் எதிரே உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்த டிவிக்குச் சில பழக்கங்கள் இருந்தன. எப்போது போட்டாலும் ஐந்தாம் சேனலில்தான் கண் விழிக்கும். சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் இருபத்தைந்தோடு நின்றுவிடும். வயதாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். "இது அம்மா வளர்த்த டிவி, குரலை உயர்த்தாது" என்பாள் என் தங்கை.

அம்மாவும் அப்படித்தான். திட்டும்போதுகூடக் கதவுக்கு வெளியே கேட்காது. வீட்டில் இருக்கும் இடங்களையெல்லாம் ரூம் என்றுதான் சொல்வார். சமையலறையும் ரூம், மொட்டை மாடியும் ரூம், பக்கத்து வீடும் பக்கத்து ரூம். வருடங்களை அவர் எண்ணால் சொல்வதில்லை. நான் பத்தாவது எழுதிய வருடம் எது என்று கேட்டால், "முன்னூத்திப் பதினொன்னுல கார்ப்பெட் எரிஞ்சுதே, அந்த வருஷம்" என்பார். எந்த அறையில் எந்தக் குழாய் எப்போது ஒழுகியது, எந்த அலமாரிக் கதவு எந்த மாதத்தில் தொங்கியது, எல்லாம் அவர் தலைக்குள் வரிசையாக இருக்கிறது. எங்கள் பிறந்தநாள்களையும் அந்த வரிசையில்தான் எங்கோ செருகி வைத்திருக்கிறார்.

அவர் ஓர் அறைக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டும். உடனே உள்ளே போக மாட்டார். வாசலிலேயே நின்று, இடது மூலையில் தொடங்கி வலது மூலை வரைக்கும் தலையை மெதுவாகத் திருப்புவார். ஒருமுறைதான். அதற்குள் எது எங்கே பிசகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சின்ன வயதில் அவர் வேலையிலிருந்து வரும்முன் நானும் தங்கையும் அவசரமாக வீட்டை ஒதுங்கவைத்துவிட்டு, அந்தத் தலை திரும்பி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு நாளும் தப்பித்ததில்லை.

ஹோட்டல் மூடியபின் அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மேசைகளைத் துடைப்பது, குப்பைக்கூடையைக் காலி செய்வது. வேலையைப் பற்றிக் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எதையும் சொல்லவுமில்லை, அதுதான் எங்களுக்கு உறைத்தது. முன்பெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் விருந்தாளிகளின் கதை ஒரு மணி நேரம் ஓடும். மேசைகளுக்கு என்ன கதை இருக்கிறது?

அப்போதுதான் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலுக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேண்டும் என்ற அறிவிப்பைத் தங்கை போனில் பார்த்தாள். படிப்பு முக்கியமில்லை, ஒரு தேர்வு உண்டு என்று போட்டிருந்தது. பத்து அறைகளின் படங்களைக் காட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் என்னென்ன சரியில்லை என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் கிளிக் செய்ய வேண்டும். நாற்பத்தைந்து நிமிடம். போனில் செய்ய முடியாது. கணினிதான், அதுவும் முன்கூட்டியே பதிவு செய்த ஒரே கணினி. என் லேப்டாப்பைப் பதிவு செய்தோம்.

அம்மா முதலில் சிரித்தார். பிறகு விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு மௌஸ் பிடிக்கப் பழகினார். பத்து நாள், தினமும் மாலையில், தங்கையின் மேற்பார்வையில் சீட்டு விளையாட்டு. முதல் நாள் மௌஸை மேசையிலிருந்து தூக்கிவிட்டார். மூன்றாம் நாள் அம்புக்குறி அவர் சொன்ன இடத்துக்குப் போனது. ஏழாம் நாள் தங்கையைத் தோற்கடித்தார்.

தேர்வு சனிக்கிழமை. பத்தரைக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். நான் எட்டே முக்காலுக்குக் குளித்துவிட்டு வந்தேன். கூடத்து மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் மடித்த துணி, நீலத் திரவம் நிரம்பிய தெளிப்பு பாட்டில். அம்மா இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றார்.

நல்ல காரியத்துக்குமுன் துடைத்து வைப்போம் என்று நினைத்திருக்கிறார். ஹோட்டலில் கண்ணாடியை எப்படித் துடைப்பார்களோ அப்படி. மேலே மூன்று தெளிப்பு, பிறகு துணியை இடமும் வலமுமாக வளைத்து வளைத்துக் கீழே இறக்குவது. பத்தொன்பது வருடம், நாளுக்குப் பதினான்கு கண்ணாடி. எந்தக் கண்ணாடிக்கும் உள்ளே ஒன்றும் இருந்ததில்லை. இதில் திரவம் கீழ் விளிம்பில் இறங்கியது, திரை ஒருமுறை கோடுகோடாக மின்னியது, அணைந்துவிட்டது.

"பளபளன்னு ஆயிடுச்சு, ஆனா இருட்டா இருக்கு" என்றார் அம்மா.

நான் லேப்டாப்பை எடுத்தேன். அணைத்து, கவிழ்த்து வைத்து, மின்விசிறிக்கு அடியில் காய விட்டேன். ஒன்பதேகாலுக்கு மறுபடி போட்டேன். உள்ளே விசிறி சுற்றியது, விசைகளுக்கு அடியில் விளக்கு எரிந்தது, பார்க்காமலே கடவுச்சொல்லை அடித்ததும் வரவேற்பு மணியும் கேட்டது. உயிர் இருக்கிறது, முகம்தான் இல்லை. சரி, முகத்தை டிவியில் வைத்துக்கொள்ளலாம். எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று இருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. கணினிப் பட்டம் வாங்கிய எனக்கு இது ஒரு விஷயமே இல்லை. தங்கையிடம் அப்படித்தான் சொன்னேன், இதே வார்த்தைகளில்.

அவள் ஓடினாள். கீழ்வீட்டு டியூஷன் டீச்சரிடம் கேபிள் இருந்தது. டீச்சர் அதைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒன்பதரைக்கு நான் கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பிலும் மறுமுனையை டிவியிலும் செருகினேன். ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றும் பட்டனை அழுத்தினேன். ஐந்தாம் சேனலில் யாரோ மாடித்தோட்டத்துக்கு உரம் போடுவதை விளக்கிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் ஒரு விநாடி வந்து, இப்போது இயலாது என்று சொல்லிவிட்டு மறைந்தது. உரம் தொடர்ந்தது.

லேப்டாப்பிலிருந்து சிக்னல் வரவில்லை, அதனால்தான் இயலாது என்கிறது என்று முடிவு கட்டினேன். அந்த நிமிடத்திலிருந்து இருபத்தைந்து நிமிடம் நான் அந்த லேப்டாப்பைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. திரையைப் பிரிக்கும் விசைகளை இருட்டில் அழுத்தினேன். கேபிளைத் தலைமாற்றிச் செருகினேன். டிவியில் இரண்டாவது துளையில் போட்டேன். லேப்டாப்பை மூன்று முறை அணைத்துப் போட்டேன். போனில் தேடி, யாரோ எங்கோ எழுதிய பதினான்கு யோசனைகளையும் வரிசையாகச் செய்தேன். உரக்காரர் தொட்டியை முடித்து அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

"அஞ்சு நிமிஷ வேலை, இல்லக்கா?" என்றாள் தங்கை.

"வாயை மூடு."

"நாலு வருஷம் படிச்சியே, அதுல டிவி வரலையா? இல்ல அன்னைக்கு லீவா?"

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும் என்னைத்தான். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அன்று அந்த முகத்துக்கும் நேரம் முடிந்துகொண்டிருந்தது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

அம்மா அதுவரை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அடுப்பு மேடையை நாலாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கடைசி முயற்சியாக ரிமோட்டை அழுத்தியபோது வாசற்படியில் வந்து நின்றார். சாம்பல் கட்டம் வந்து மறைந்தது.

"இன்னொரு தடவை அமுக்கு" என்றார்.

அமுக்கினேன்.

"அது நம்ம ஹோட்டல் கட்டம்டி. லேப்டாப் தெரியலன்னு எத்தனை கெஸ்ட் கத்தியிருக்காங்க. இதே கட்டம்தான் வரும். மெயின்டனன்ஸ்ல இருந்து ஸ்க்ரூ அண்ணன் வந்து ஏதோ பண்ணிட்டுப் போவாரு."

நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். ஐந்தாம் சேனல். இருபத்தைந்தாம் சத்தம். வயதும் இல்லை, வளர்ப்பும் இல்லை, பூட்டு. விருந்தாளிகள் எதையும் மாற்றிவிடக் கூடாது, அடுத்த அறைக்குக் கேட்கும்படி அலறவிடக் கூடாது என்று ஹோட்டல் அதைக் கட்டிப்போட்டிருந்தது. வெளியிலிருந்து எதையும் செருகிப் பார்க்கவும் அனுமதியில்லை. ஒன்றரை வருடமாக எங்கள் கூடத்தில் அது இன்னும் 312ஆம் அறையில்தான் இருந்தது. அரைமணி நேரம் நான் டிவியைச் சந்தேகப்படவே இல்லை. லேப்டாப் நான் படித்த பொருள், அதனால் கோளாறும் அதில்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். டிவி அம்மா கொண்டுவந்தது; அதற்குள் தெரிந்துகொள்ள என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கிறேன். இது நன்றாகவே இல்லை.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீ பண்ணிட்டிருக்கியே, உனக்குத் தெரியும்னு நினைச்சேன். கெடுத்தவளே நான்தான், இதுல பேச வேற செய்யணுமா?"

ஸ்க்ரூ அண்ணன் என்றால் ஹோட்டலின் பராமரிப்பு ஆள். காதில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பார், அதனால் அந்தப் பெயர். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிறார். அம்மா அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். ஏழாவது மணியில் எடுத்தார்.

"யாரு, மூணாவது மாடியா? நான் லிஃப்ட்டுக்கு மேல நிக்கிறேன். சட்டுனு சொல்லு."

அம்மா சட்டென்றே சொன்னார். அவர் சிரித்துவிட்டு என்னைப் பேசச் சொன்னார். டிவியின் பக்கவாட்டில் சத்தம் குறைக்கும் பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரிமோட்டில் மெனுவையும் பிடி, பத்து எண்ணு என்றார். தங்கை டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். நான் ரிமோட்டைப் பிடித்தேன். எட்டு எண்ணும்போது உரக்காரர் மறைந்தார். நீலத் திரை. நான்கு கட்டங்கள். எண்ணைப் போடு என்று கேட்டது.

தங்கை கத்தாமல் கத்தினாள். அது அம்மாவிடம் கற்றது.

"எந்த நம்பர் மாமா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் லிஃப்ட் கயிறு ஏதோ முனகும் சத்தம்.

"பாப்பா, அது எல்லா டிவிக்கும் ஒரே நம்பர். மறக்கக் கூடாதுன்னு, நம்ம உயிரை எடுத்த ஒரு ரூம் நம்பரைத்தான் போட்டேன். முன்னாடி ஒரு பூஜ்யம். எந்த ரூம்னுதான்... நானூத்திப் பதினேழு. ஆமா, அந்தக் குழாய் என்னை என்ன பாடு படுத்துச்சு. போடு. ஆனா ஒன்னு, மூணு தடவை தப்பாப் போனா ஒரு மணி நேரத்துக்குத் திறக்காது."

பத்து மணி எட்டு நிமிடம். 0417 என்று போட்டேன். கட்டங்கள் சிவந்து காலியாயின.

அவர் யோசித்தார். அப்படியானால் ஐந்நூற்றுப் பன்னிரண்டு, சுவர் ஈரத்தில் விளக்கு வெடித்த அறை என்றார். 0512. சிவப்பு. ஒரே வாய்ப்பு மிச்சம். தங்கை டிவியை விட்டு விலகிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். ஸ்க்ரூ மாமா இருநூற்று எட்டாக இருக்குமோ என்று இழுத்தார்.

"இருங்க" என்றார் அம்மா. கண்ணை மூடிக்கொண்டார். அவர் தலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு அந்த ஹோட்டலின் ஐந்து மாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டிவியெல்லாம் வந்தப்ப நானூத்திப் பதினேழுல குழாய் நல்லாத்தான் இருந்துச்சு. அது ரெண்டு வருஷம் கழிச்சு. விளக்கு வெடிச்சது அதுக்கும் அப்புறம். டிவி வந்த வருஷம் முன்னூத்தி ஒன்பதுல ஜன்னல் மூடல. புறா வந்துச்சு. நான் துடைப்பத்தால விரட்டுறேன், நீங்க ஸ்டூல்ல நின்னு டிவி மாட்டுறீங்க, அது உங்க தலையில வந்து உட்கார்ந்துச்சு. நீங்க விழுந்தீங்களே அண்ணே."

ஸ்க்ரூ மாமா தொண்டையைக் கனைத்தார்.

"நான் விழல. இறங்கினேன்."

"மல்லாக்க இறங்கினீங்க."

"சரி சரி" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அதையே போட்டுப் பாரு பாப்பா. அன்னைக்குக் கடுப்புலதான் நம்பர் வச்சேன்."

ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். பூஜ்யம், மூன்று, பூஜ்யம், ஒன்பது.

கட்டங்கள் பச்சையாகி, ஒரு நீளமான பட்டியல் இறங்கியது. முதல் வரியிலேயே ஹோட்டல் முறை, ஆன். அதை ஆஃப் செய்தேன். டிவி அணைந்து தானே எழுந்தது. உள்ளீட்டுப் பட்டனை அழுத்தினேன். சாம்பல் கட்டம் வரவில்லை. நாற்பது அங்குலம் முழுக்க, என் லேப்டாப்பின் மலைப்படம்.

மலை மட்டும்தான். ஒரு சின்னமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. தங்கை என்னைப் பார்த்தாள். ஆனால் இது எனக்குத் தெரிந்த இடம். இருட்டில் நான் அழுத்திய அழுத்தலில் டிவியை அது இரண்டாம் திரையாக எடுத்துக்கொண்டிருந்தது. சின்னங்களும் அம்புக்குறியும் லேப்டாப்பின் செத்த திரையில் கிடந்தன. இரண்டு விசை, ஒரு கீழ் அம்பு, ஒரு என்டர். எல்லாம் டிவிக்குக் குதித்து வந்தன. அம்மா என் முதுகில் ஓர் அடி வைத்தார், செல்லமாகத்தான், ஆனால் வலித்தது. போனில் ஸ்க்ரூ மாமா என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கை அவருக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து இருபத்தாறுக்கு அம்மா தேர்வுக்குள் நுழைந்தார்.

யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. அம்மா எங்களைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். முதல் படம் வந்தது. லேப்டாப்பில் அது உள்ளங்கை அளவுக்கு இருந்திருக்கும். இங்கே சுவரின் பாதி. கட்டில், திரை, மேசை, குளியலறைக் கதவு. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மௌஸை மேசையில் விட்டுவிட்டு நாலடி பின்னால் போய், அறை வாசலில் நிற்பது போல நின்றார். தலை இடமிருந்து வலமாகத் திரும்பியது. பிறகு வந்து உட்கார்ந்து கிளிக் செய்யத் தொடங்கினார். தலையணை உறையின் வாய் கதவைப் பார்த்திருக்கிறது. கிளிக். விளக்கு மூடியின் தையல் முன்பக்கம். கிளிக். கம்பளத்தில் வண்டிச் சக்கரத் தடம். கிளிக். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குறை, கீழே கிடந்த துண்டு. அதை அவர் கடைசியில்தான் தொட்டார், அதுகூட ஒரு வேலையா என்பது போல.

பத்துப் படத்துக்கும் அப்படியே எழுந்து போனார், நின்றார், வந்தார். ஆறாவது படத்தில் தங்கை என் தொடையைக் கிள்ளினாள். கண்ணாடியில் விரல் தடம், அவளுக்கும் தெரிந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நிமிடம் செத்துப் பிழைத்தோம். பார்த்தார். கடைசிப் படத்தை முடிக்கும்போது பதினோரு நிமிடம் மிச்சமிருந்தது. அதிலும் அவர் அவசரப்பட்டு மூடவில்லை. முதல் படத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசலில் நின்றார்.

மூன்றரை மணிக்குப் போன் வந்தது. ஒரு பெண் குரல். அறுபத்து நான்கு குறைகளில் அறுபத்து மூன்றைச் சரியாகக் குறித்திருக்கிறீர்கள் என்றது. ஆனால் எங்கள் பட்டியலில் இல்லாத ஓரிடத்தையும் குறித்திருக்கிறீர்கள், நான்காவது படத்தில் ஜன்னல் திரை, கை தவறிப் பட்டுவிட்டதா என்று கேட்டது. தவறித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மௌஸ்தான், பத்து நாள் பழக்கம்தானே.

"தவறலைங்க" என்றார் அம்மா. "அந்தத் திரையை உள்பக்கம் வெளிப்பக்கமா மாத்தி மாட்டியிருக்காங்க. கீழ் மடிப்பு ரூமைப் பார்த்து இருக்கு பாருங்க. பகல்ல சட்டுனு தெரியாது. ராத்திரி விளக்குப் போட்டா தெரியும்."

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம். பிறகு அந்தப் பெண் யாரையோ கூப்பிடுவதும், இருவரும் ஏதோ பேசிக்கொள்வதும், ஒருவர் சிரிப்பதும் கேட்டது. அவர்கள் வேண்டுமென்றே செய்த குறைகளுக்கு நடுவே, அவர்களே அறியாமல் செய்த ஒன்று.

திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். அம்மா சரிங்க என்றார். போனை வைத்தார். சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தார். நானும் தங்கையும் ஒரே சமயத்தில் கையை நீட்டி அதைப் பிடுங்கிக்கொண்டோம்.

தங்கை டிவியைப் போட்டாள். ஏதோ ஒரு சேனலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் சேனல் இல்லை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். இருபத்தைந்து. இருபத்தாறு. அந்த எண்ணை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. முப்பது. நாற்பது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒரு பொருள் வாய்விட்டுக் கத்தியது, நாங்கள் மூவரும் கூடத்து மேசையைச் சுற்றி அர்த்தமில்லாமல் ஆடினோம். அம்மா மூன்று சுற்று ஆடினார். பிறகு மூச்சு வாங்க நின்றார். தலை ஒருமுறை இடமிருந்து வலமாகத் திரும்பியது.

"இருபத்தஞ்சுல வைடி" என்றார். "பக்கத்து ரூம்ல ஆள் தூங்குவாங்க."